எஸ்.எம்.பி.எஸ். சோதனை: மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினால் போதுமா?

#1 திருமங்கலம் ஜெராக்ஸ்

வணக்கம். திருமங்கலத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர். பிரச்சினை கவுன்டர் பக்கம் இருப்பதில்தான்.

முதலில் இருந்த எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு உள்ளே கரன்ட் கொடுக்கும் பெட்டி) ஏழெட்டு வருடப் பழசு. காலையில் கடை திறந்து ஆன் செய்தால் விண்டோஸ் பாதி ஏறும்போதே அப்படியே நின்றுவிடும். சில தடவை அணைத்து அணைத்துப் போட்டால் வந்துவிடும். அப்புறம் இரவு வரை ஒரு குறையும் இருக்காது. சர்வீஸ் செய்கிறவர் வந்து, மேலே '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய புதுசு ஒன்றை மாட்டினார். காலைத் தொந்தரவு போய்விட்டது.

இப்போது வேறு மாதிரி. மத்தியானம் ஈ.பி. கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது இந்த மெஷின் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. பக்கத்திலேயே, அதே இன்வெர்ட்டரில் ஓடும் இன்னொன்று அசைவதே இல்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், காலை நேரத்தில் கரன்ட் போனால் இதுவும் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. பாதி விண்ணப்பம் நிரப்பி, ஓ.டி.பி.க்குக் காத்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் எதிரே நிற்பவரிடம் என்ன சொல்வது?

சர்வீஸ்காரர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு 12.1, 5.0, 3.3, எல்லாம் பக்கா, இன்வெர்ட்டர்தான் கோளாறு என்கிறார். இன்வெர்ட்டர்காரர் அவர் பொருள் பக்கா என்கிறார். ஒரு எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் கரன்ட் தரமானதா என்று உண்மையில் எப்படிச் சோதிப்பது? ஐ3 மெஷின், ஒரு எஸ்.எஸ்.டி., தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

#2 கரிமேடு கண்டென்சர்

தம்பி, முதல் வேலையாக ரெண்டு மெஷினின் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். ரீஸ்டார்ட் எந்தப் பெட்டியோடு போகிறதோ அதுதான் குற்றவாளி. மீட்டரே வேண்டாம். நான் டி.வி. காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறேன், மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு மிஞ்சின சோதனை கிடையாது.

தனியாகப் பார்க்க வேண்டுமானால் மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணையுங்கள். ஃபேன் சுற்றும். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வர வேண்டும். ஊதா ஸ்டாண்ட்பை 5 வோல்ட், அது ப்ளக்கைச் செருகியதுமே, பச்சையைத் தொடாமலே வந்துவிட வேண்டும். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்: மஞ்சள் 11.40 முதல் 12.60, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47. நீலம் மைனஸ் 12, அதற்குப் பத்து சதவீதம் வரை மன்னிப்பு உண்டு.

#3 ஆனையூர் கேமர்

பயாஸிலேயே வோல்டேஜ் காட்டுமே. ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டால் கிராஃபாகவே வரும். 80 ப்ளஸ் ஸ்டிக்கர் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். வாங்கியிருந்தால் இந்தப் பாடே கிடையாது.

#4 அலைவரிசை

பொறியியல் கல்லூரி ஒன்றில் பவர் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறேன். கரிமேடு அண்ணன் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்தச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்று: எஸ்.எம்.பி.எஸ். செத்துவிட்டதா இல்லையா. ஜெம் கிளிப் போட்டு ஃபேனை மட்டும் சுற்றவிட்டால் அது சில வாட்தான் கொடுக்கிறது. மெஷினில் இருக்கும்போது கொடுக்க வேண்டியது நூறு வாட்டுக்குப் பக்கம்.

வெளியே வரும் கரன்ட்டின் தரம் என்று பார்த்தால் எனக்கு மூன்று கேள்விகள் முக்கியம். லோடு ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது? அந்த டி.சி.யின் மேல் எவ்வளவு ஏ.சி. சலசலப்பு, அதாவது ரிப்பிள், ஏறி வருகிறது? சுவரில் கரன்ட் நின்ற பிறகு எத்தனை மில்லிசெகண்ட் தாங்குகிறது? முதல் கேள்விக்கு மல்டிமீட்டரும், மெஷினுக்குப் பதிலாகக் கரன்ட்டை இழுக்கும் ஒரு டம்மி லோடும் போதும். மற்ற இரண்டுக்கும் மல்டிமீட்டரிடம் பதில் இல்லை. அது சராசரியைக் காட்டும் கருவி. அதன் டிஸ்ப்ளே ஒரு தடவை மாறுவதற்குள் உங்கள் மெஷின் ரீஸ்டார்ட்டே ஆகியிருக்கும்.

ஆனையூர் நண்பருக்கு: பயாஸ் காட்டுவது மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னச் சிப், இரண்டு ரெசிஸ்டர் வழியாகப் பிரித்து அளந்த எண். சில போர்டுகளில் அது அரை வோல்ட் தள்ளிக்கூட நிற்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம், எண்ணை நம்ப வேண்டாம். 80 ப்ளஸ் 2004இல் தொடங்கியது. அது அளப்பது சுவரிலிருந்து எடுக்கும் கரன்ட்டில் எவ்வளவு உள்ளே வீணாகாமல் வெளியே வருகிறது என்பதையும் பவர் ஃபேக்டரையும். 20, 50, 100 சதவீத லோடில், 23 டிகிரி அறையில். ரிப்பிளுக்கும் தாங்கும் நேரத்துக்கும் அதில் மார்க் கிடையாது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஒரு ஜெராக்ஸ் கடை மேஜைக்கு அடியில் 23 டிகிரி இருக்குமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

#5 திருமங்கலம் ஜெராக்ஸ்

நன்றி சார். மல்டிமீட்டரை ஏ.சி. ரேஞ்சில் வைத்து 12 வோல்ட் ஒயரில் பிடித்தால் அந்த ரிப்பிள் தெரியாதா? டம்மி லோடுக்கு என்ன வைப்பது? என்னிடம் மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது.

#6 அலைவரிசை

சாதாரண மீட்டரின் ஏ.சி. ரேஞ்ச் வீட்டுக் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. சில நூறு ஹெர்ட்ஸ், நல்ல மீட்டரென்றால் ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நம்பலாம். ரிப்பிளில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று 100 ஹெர்ட்ஸ், ஈ.பி. கரன்ட்டை டி.சி. ஆக்கியதன் மிச்சம். இன்னொன்று எஸ்.எம்.பி.எஸ். உள்ளே சுவிட்ச் ஆகும் வேகத்தில், பல பத்தாயிரம் ஹெர்ட்ஸில் வருவது. முதல் பங்கு மீட்டரில் மங்கலாகத் தெரியலாம், இரண்டாவது தெரியவே தெரியாது. மதர்போர்டைப் படுத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

#7 கரிமேடு கண்டென்சர்

டம்மி லோடு நான் சொல்கிறேன். கார் ஹெட்லைட் ஹெச்4 பல்பு ஒன்று எடுத்தால் ஒரு ஃபிலமென்ட் 60 வாட், 12 வோல்டில் 5 ஆம்பியர். பழைய பல்பில் ஒரு ஃபிலமென்ட் போயிருந்தாலும் இன்னொன்று வேலைக்கு ஆகும், ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் சும்மாவே தருவார்கள். 5 வோல்டுக்கும் 3.3 வோல்டுக்கும் ஒரு ஓம் 50 வாட் அலுமினியம் உடம்பு ரெசிஸ்டர் ஆளுக்கொன்று. சிவப்பில் 5 ஆம்பியர், 25 வாட். ஆரஞ்சில் 3.3 ஆம்பியர், 11 வாட். ஹீட்சிங்கில் திருகி முடுக்கி வையுங்கள், வெறுமனே மேஜையில் வைத்தால் மேஜையில் அச்சு விழும். டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பல்பில் ஒரு கோளாறு உண்டு. குளிர்ந்த ஃபிலமென்ட்டின் ஓம் சூட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். ஆன் செய்த உடனே ஒரு நொடிக்கும் குறைவாக ஐம்பது ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஷார்ட் என்று நினைத்துப் படுத்துக்கொள்ளும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதற்கு மாற்று, 2000 வாட் அடுப்புக் காயில். முழு நீளமும் 26 ஓம் சொச்சம். இழுத்து நீட்டாமல் மீட்டர் வைத்து 2.4 ஓம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினால் 12 வோல்டில் 5 ஆம்பியர். 10 ஆம்பியர் வேண்டுமென்றால் அதே மாதிரி இன்னொரு துண்டு பக்கத்தில். ஒரே துண்டை 1.2 ஓமுக்கு வெட்டி 10 ஆம்பியர் விட்டால் செக்கச்செவேல் என்று பழுக்கும், காயிலே தாங்கக்கூடியது 9 ஆம்பியருக்குக் கீழேதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டாம், ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள்.

#8 உசிலை ஒயர்மேன்

எல்லோரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். முதலில் அந்தக் கடை ப்ளக்கில் எர்த் இருக்கிறதா? கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் ஜிவ்வென்று இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். நுழைவாயிலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஆளுக்கொரு சின்னக் கெப்பாசிட்டர் போட்டிருப்பான். எர்த் இல்லையென்றால் பாடி நடுவில் 115 வோல்ட் பக்கம் மிதக்கும். கரன்ட் ரொம்பக் குறைவு, ஆள் போக மாட்டார், ஆனால் அந்த நிலையில் ஸ்கோப் (வோல்டேஜ் அலையைத் திரையில் காட்டும் கருவி), பிரின்டர் என்று எதையாவது செருகினால் போர்ட் போகும்.

மீட்டரை ஏ.சி.யில் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பாருங்கள், 230 பக்கம் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். அப்படியே மத்தியானம் ஒரு தடவையும் காலையில் ஒரு தடவையும் ஃபேஸ் நியூட்ரல் வோல்டேஜைக் குறித்து இங்கே போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

#9 திருமங்கலம் ஜெராக்ஸ்

எர்த் சரியாக இருக்கிறது. வோல்டேஜ் காலையில் 228. மத்தியானம், பக்கத்துக் கடைகளில் ஏ.சி. எல்லாம் ஓடும்போது 191. இன்று 188கூடக் காட்டியது.

கரிமேடு அண்ணன் சொன்னபடி மாற்றிப் போட்டேன். ரீஸ்டார்ட் அந்தப் புது எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டது. ஆக இன்வெர்ட்டர்காரர் தப்பித்தார்.

#10 கரிமேடு கண்டென்சர்

சொன்னேனே. மீட்டரும் வேண்டாம் ஸ்கோப்பும் வேண்டாம்.

#11 அலைவரிசை

எது என்று தெரிந்துவிட்டது அண்ணே, ஏன் என்று தெரியவில்லையே. ஏன் என்று தெரியாமல் போய் வாங்கினால் அடுத்ததும் இதே மாதிரி அமையும்.

ஜெராக்ஸ் நண்பரே, பெட்டியைத் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றுப் போகும் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே குண்டாக இரண்டு கெப்பாசிட்டர் நிற்கும், அல்லது ஒரே ஒரு பெரியது நிற்கும். அதன் மேல் எழுதியிருப்பதைச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் பக்கம் எத்தனை ஆம்பியர் என்றும் பாருங்கள்.

#12 திருமங்கலம் ஜெராக்ஸ்

இரண்டு நிற்கிறது. '220 மைக்ரோஃபாரட், 200 வோல்ட்'. ஸ்டிக்கரில் 12 வோல்ட் 16 ஆம்பியர்.

#13 அலைவரிசை

16ஐ 12ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய மெஷின் ஏறக்குறைய எல்லாவற்றையும் 12 வோல்டிலிருந்துதான் எடுக்கிறது. எனவே அந்தப் '450' ஸ்டிக்கருக்கான எண். பரவாயில்லை, உங்கள் மெஷினுக்கு 192 வாட்டே தாராளம். சிக்கல் அங்கே இல்லை.

ஈ.பி. கரன்ட் நின்றதும் எஸ்.எம்.பி.எஸ். அந்த இரண்டு கெப்பாசிட்டரில் சேர்ந்திருப்பதை வைத்துத்தான் ஓடுகிறது. இரண்டும் தொடராக இருப்பதால் 220 பாதியாகி 110 மைக்ரோஃபாரட். சேர்ந்திருக்கும் ஆற்றல், கெப்பாசிட்டியில் பாதியை வோல்டேஜின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. வர்க்கம் என்பதைக் கவனியுங்கள்.

230 வோல்ட் ஏ.சி.யின் உச்சி 325 வோல்ட் டி.சி. கெப்பாசிட்டர் 325இலிருந்து 230 வரை இறங்கும்வரை வெளியே வோல்டேஜ் கெடாது என்று வைத்துக்கொள்வோம். அதில் கிடைப்பது 2.9 ஜூல். மெஷின் 96 வாட் எடுத்தால், உள்ளே வீணாவதும் சேர்த்து எஸ்.எம்.பி.எஸ். இழுப்பது 128 வாட். 2.9ஐ 128ஆல் வகுத்தால் 22 மில்லிசெகண்ட்.

இப்போது உங்கள் மத்தியானக் கணக்கு. 190 வோல்டின் உச்சி 269. 269இலிருந்து 230 வரை இறங்கினால் கிடைப்பது 1.07 ஜூல்தான். 8 மில்லிசெகண்ட். சுவரில் வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தது, தாங்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

வீட்டு இன்வெர்ட்டர் யு.பி.எஸ். மோடில் மாற எடுப்பது சுமார் 10 முதல் 15 மில்லிசெகண்ட். நார்மல் மோடில் 40 வரை போகும். 22க்குள் 15 அடங்கும், 8க்குள் அடங்காது. மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏ.டி.எக்ஸ். ரக எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இன்டெல் வெளியிடும் வழிகாட்டியின் பழைய பதிப்புகள் முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட் தாங்கச் சொல்கின்றன. இது கால்வாசி லோடிலேயே தடுமாறுகிறது.

கணக்கு மட்டும்தான் இது. அளந்து பார்த்தால்தான் உறுதி. சனிக்கிழமை பழையது, புதுசு இரண்டையும் எடுத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் பக்கம் வர முடியுமா? நண்பர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கோப்பும், ஏ.சி. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டும் இருக்கின்றன. கரிமேடு அண்ணன் காயிலோடு வந்தால் சந்தோஷம்.

#14 உசிலை ஒயர்மேன்

என் சந்தேகமும் இந்த லோ வோல்டேஜ்தான். டிம்மர்ஸ்டாட் வைப்பவர்கள் ஒன்று நினைவில் வைக்க வேண்டும். அது வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் ஈ.பி. லைனிலிருந்து பிரிக்காது. அதைத் தாண்டி வரும் கரன்ட்டும் அடிக்கும்.

#15 ஆனையூர் கேமர்

சனிக்கிழமை நானும் வரலாமா? என் கிராபிக்ஸ் கார்டு ஏறும்போது 12 வோல்ட் என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை.

#16 அலைவரிசை

வாங்க. ஆனால் உங்களுக்கு வேண்டியது வேறு சோதனை, வேகமாக ஏறி இறங்கும் லோடு. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 அதற்காகத்தான் 100 மைக்ரோசெகண்டுகளுக்கு இரு மடங்கு பவர் வரை தாங்கச் சொல்கிறது. காயிலும் பல்பும் வைத்து அதைப் பார்க்க முடியாது. பெரிய விமர்சகர்கள் க்ரோமா கம்பெனியினுடையது மாதிரி எலக்ட்ரானிக் லோடு வைத்துச் செய்வது அது. தனி இழை போடுங்கள்.

#17 அலைவரிசை

சனிக்கிழமை அளந்ததை எழுதுகிறேன். ஸ்கோப் இருப்பவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாக.

லோடு: மஞ்சளில் 2.4 ஓம் காயில், சிவப்பிலும் ஆரஞ்சிலும் ஒரு ஓம். மொத்தம் 96 வாட். வோல்டேஜை எப்போதும் கனெக்டர் முனையில், பின் பக்கமாகப் ப்ரோபைச் செருகி அளக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். வாயில் அளந்தால் ஒயரில் இழக்கும் நூறு மில்லிவோல்ட் கணக்கில் வராது.

புதுசு: லோடு இல்லாமல் 12.14, 5.02. லோடு போட்டதும் 11.83, 5.09. பன்னிரண்டு இறங்க, ஐந்து ஏறுகிறது. இரண்டையும் ஒரே கண்ட்ரோல் பார்த்துக்கொள்ளும் மலிவு டிசைனின் அடையாளம் இது. 12 வோல்டில் இன்னும் இரண்டு காயில் சேர்த்து, 5 வோல்டில் லோடை எடுத்தபோது 11.51, 5.22 வரை போனது. வரம்புக்குள்தான், ஆனால் ஓரத்தில்.

ரிப்பிள் அளக்கும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ப்ரோபோடு வரும் நீள எர்த் ஒயரையும் முதலைக் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள், அது ஆன்டெனா மாதிரி ஊர்ச் சத்தத்தையெல்லாம் பிடிக்கும். முனையில் மாட்டும் சின்ன ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள். அளக்கும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் குறுக்கே போட வேண்டும். ஸ்கோப்பில் ஏ.சி. கப்ளிங், 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட். இன்டெல் வழிகாட்டியின் எண்கள் இந்த ஏற்பாட்டுக்குத்தான்: 12 வோல்டில் 120 மில்லிவோல்ட், 5க்கும் 3.3க்கும் 50, உச்சிக்கு உச்சி. தொடங்கும் முன் ப்ரோப் முனை, ஸ்பிரிங் இரண்டையும் ஒரே கறுப்பு ஒயரில் வையுங்கள். அப்போது திரையில் தெரிவது ஸ்கோப்பின் சொந்தச் சத்தம். எங்களுக்கு அது 6 மில்லிவோல்ட்.

புதுசின் ரிப்பிள்: 12 வோல்டில் 58, 5 வோல்டில் 24. குறை சொல்ல முடியாது.

பழையது மல்டிமீட்டரில் அழகு. 12.05, 5.03, லோடு போட்டாலும் அசையவில்லை. ஸ்கோப்பில் வைத்ததும் எல்லோரும் கிட்டே வந்துவிட்டார்கள். ஆன் செய்தவுடன் 5 வோல்டில் 140 மில்லிவோல்ட், 12 வோல்டில் 210. டைம்பேஸை 10 மைக்ரோசெகண்டுக்குக் கொண்டுவந்தால் சுவிட்சிங் வேகத்தில் பல் பல்லாகத் தெரிந்தது. 5 மில்லிசெகண்டில் 100 ஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட இல்லை. அதாவது முன்பக்கக் கெப்பாசிட்டர் நலம், பின்பக்கம் வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துவிட்டன. லோடோடு அரை மணி ஓடவிட்டுப் பார்த்தால் 5 வோல்டில் 64, 12 வோல்டில் 105க்கு இறங்கிவிட்டது. காலையில் மட்டும் அடம்பிடித்ததன் காரணம் அதுதான்.

#18 ஆனையூர் கேமர்

சூடானால் கெட வேண்டியதுதானே? ஏன் நல்லதாகிறது?

#19 கரிமேடு கண்டென்சர்

கண்டென்சருக்குள், அதாவது நீங்கள் சொல்கிற கெப்பாசிட்டருக்குள், இருப்பது திரவம் தம்பி. வருஷக் கணக்கில் சூட்டில் கிடந்து அது குறையக் குறைய, உள் எதிர்ப்பு கூடும். மிச்சம் இருக்கிற திரவம் சூடானால் அயனிகள் சுளுவாக நகரும், எதிர்ப்பு குறையும். காலையில் முரண்டுபிடித்து மத்தியானம் ஓடுகிற டி.வி. நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஹேர் டிரையரால் கண்டென்சரை மட்டும் சூடாக்கி ஆன் செய்வோம், வந்துவிட்டால் அதைத்தான் மாற்றுவோம். ஸ்கோப்பில் அதையே படமாகப் பார்த்தது நன்றாக இருந்தது. ஆனால் சூடு அதற்கு மருந்து என்று நினைக்க வேண்டாம், பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி.

#20 அலைவரிசை

தாங்கும் நேரம் மிச்சம் இருக்கிறது. ஈ.பி. லைனில் நேரடியாக ஸ்கோப் ப்ரோப் வைப்பது உயிரோடு விளையாட்டு. ப்ரோபின் எர்த், ஸ்கோப்பின் பாடி, சுவரின் எர்த் எல்லாம் ஒன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முன்பக்கத்திலும் அதே காரணத்தால் வைக்கக் கூடாது. பின்பக்கக் கறுப்பு ஒயர் ஏற்கெனவே எர்த்தோடு சேர்ந்தது, அதனால் அங்கே பயமில்லை. நாங்கள் ஒரு 6-0-6 ட்ரான்ஸ்ஃபார்மரை எஸ்.எம்.பி.எஸ். இருக்கும் அதே ஸ்பைக் பஸ்டரில் செருகி, அதன் 6 வோல்டை ஒரு சேனலில் கொடுத்தோம். மற்ற சேனலில் 12 வோல்ட். ஸ்பைக் பஸ்டர் சுவிட்சை அணைத்தால், ஏ.சி. அலை அறுந்த இடத்திலிருந்து 12 வோல்ட் 11.40க்குக் கீழே விழும் இடம்வரை திரையில் எண்ணிக்கொள்ளலாம். அலையின் எந்த இடத்தில் சுவிட்ச் அணைகிறது என்பதைப் பொறுத்து நேரம் மாறும். பலமுறை செய்து மோசமானதை எடுக்க வேண்டும்.

புதுசு: டிம்மர்ஸ்டாட்டில் 230 வைத்தபோது 21 மில்லிசெகண்ட். 190இல் 7.

பழையது: 230இல் 38, 190இல் 15. அதில் நிற்பது 470 மைக்ரோஃபாரட் ஜோடி. காலையில் நம்ப முடியாத அந்தப் பெட்டி, கரன்ட் போகும்போது மட்டும் நம்பத் தகுந்தது.

சாம்பல் நிற ஒயரையும் பார்த்தோம். 'பவர் எல்லாம் சரி' என்று மதர்போர்டுக்குச் சொல்லும் ஒயர் அது. ஆன் செய்தபின் 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் 5 வோல்டுக்கு ஏற வேண்டும், கரன்ட் போகும்போது மற்ற வோல்டேஜ்கள் கெடுவதற்கு ஒரு மில்லிசெகண்டாவது முன்பே கீழே விழ வேண்டும். புதுசில் ஏறுவது 260இல், ஆனால் விழுவது 12 வோல்ட் சரிந்த பிறகு. இது எனக்குப் பிடிக்கவில்லை. எஸ்.எஸ்.டி. எழுதிக்கொண்டிருக்கும்போது முன்னறிவிப்பே இல்லாமல் பவர் பிடுங்கினால் ஃபைல் கெட வாய்ப்பு உண்டு.

#21 திருமங்கலம் ஜெராக்ஸ்

நேரில் பார்த்ததால் சொல்கிறேன், அந்த 190 வோல்ட் படம் மறக்காது. வந்ததும் இன்வெர்ட்டர் பின்னால் இருந்த சுவிட்சைப் பார்த்தேன். நார்மலில் இருந்தது. யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டேன். இரண்டு நாளாக ரீஸ்டார்ட் இல்லை. அப்படியானால் விட்டுவிடலாமா?

#22 உசிலை ஒயர்மேன்

இரண்டு நாளாக மத்தியானம் வோல்டேஜ் என்ன இருந்தது? மழை பெய்து ஏ.சி. ஓடாமல் இருந்தால் 210 இருக்கும், எல்லாம் நன்றாகத்தான் ஓடும். இன்னொன்று, யு.பி.எஸ். மோடில் இன்வெர்ட்டர் 180 பக்கம் வந்தாலே பேட்டரிக்கு மாறிவிடும். உங்கள் லைன் 188 காட்டுகிறது. சாயங்காலம் வரை பேட்டரியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் அளவை அடிக்கடி பாருங்கள். லோ வோல்டேஜுக்கு ஈ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ட்ரான்ஸ்ஃபார்மரில் டேப் மாற்றினாலே சில இடங்களில் சரியாகும்.

#23 அலைவரிசை

என்னைக் கேட்டால் மாற்றுங்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி., அதாவது பவர் ஃபேக்டரைத் திருத்தும் ஏற்பாடு, இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். அதில் முன்னால் ஒரு பூஸ்ட் சர்க்யூட் இருக்கும். சுவரில் 190 வந்தாலும் 240 வந்தாலும் உள்ளே கெப்பாசிட்டரை 380, 390 வோல்டில் நிறுத்திவைக்கும். மத்தியானம் சேமிப்பு கரையாது. 220 மைக்ரோஃபாரட் ஒன்று இருந்தாலே 390இலிருந்து 300 வரை இறங்குவதில் 6.8 ஜூல். உங்கள் லோடுக்கு 50 மில்லிசெகண்டுக்கு மேல். இங்கேதான் ஆனையூர் நண்பரின் 80 ப்ளஸ் ஸ்டிக்கர் உதவும்: அது பவர் ஃபேக்டர் 0.9 கேட்பதால், உண்மையான ஸ்டிக்கர் இருந்தால் உள்ளே ஆக்டிவ் பி.எஃப்.சி. இருக்கும் என்று நம்பலாம்.

ஆனால் இன்வெர்ட்டர் சைன் வேவ்தானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில ஆக்டிவ் பி.எஃப்.சி. எஸ்.எம்.பி.எஸ்.கள் முறைத்துக்கொண்டு நின்றுவிடும்.

#24 கரிமேடு கண்டென்சர்

ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கும்போது ஏன் புதுசு? பழையதில் முன்பக்கம் நலம் என்று நீங்களே அளந்துவிட்டீர்கள். பின்பக்கக் கண்டென்சர் நாலைந்து மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும்.

#25 அலைவரிசை

190இல் அது 15 மில்லிசெகண்ட் அண்ணே. இன்வெர்ட்டர் 15 எடுக்கும் நாளில் யார் ஜெயிப்பது? இரண்டாவது மெஷினுக்கு ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம், கவுன்டருக்கு வேண்டாம்.

#26 திருமங்கலம் ஜெராக்ஸ்

இன்வெர்ட்டர் சைன் வேவ்தான், பெட்டியிலேயே போட்டிருக்கிறது. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ளது ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மாட்டுவதற்கு முன் திருப்பரங்குன்றத்துக்கு எடுத்து வருகிறேன் சார், 190இல் வைத்துப் பார்த்துவிடுவோம். பழையதைக் கரிமேடு அண்ணனிடம் கொடுக்கிறேன். கண்டென்சர் நான் வாங்கி வரவா?

#27 கரிமேடு கண்டென்சர்

வேண்டாம். 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் எதிர்ப்பு குறைந்த) ரகம்தான் போட வேண்டும், கேட்டால் சாதாரண ரகத்தையும் அதே விலைக்குத் தலையில் கட்டுவார்கள். என்னிடம் இருக்கிறது. எடுத்து வருவதற்கு முந்தின நாளே ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள், உள்ளே சேர்ந்திருப்பது இறங்கட்டும். அந்தக் காயில் துண்டுகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், உங்கள் பையில்தான் போயிருக்கின்றன.